ஃபேன் பெல்ட் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டா ரோடுகளில் உளுந்து போரடித்து முடியும்போது பொட்டும் தூசியும் எஞ்சினில் பெல்ட் ஓடும் புல்லிக் காடிகளில் (பள்ளங்களில்) ஏறியிருக்கும். எஞ்சின் சுற்றலை ஆல்டர்னேட்டருக்கும் ஏசிக்கும் கொண்டுபோகும் ஃபேன் பெல்ட் கீச்சிட்டதும் வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்துவிடுகிறார்கள். எஞ்சின் ஆறட்டும், சாவியை எடுங்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை, அது தெரிந்திருக்கும்.

கார் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது

ஒரே மாடலில்கூட எஞ்சினுக்கு எஞ்சின் நீளம் மாறும். பழைய பெல்ட்டின் முதுகில் 6பிகே1110 என்பதுபோல அச்சிட்டிருக்கும்: உள்பக்கம் நீளவாக்கில் ஓடும் மேடுகள் 6 வரி, நீளம் 1110 மில்லிமீட்டர். அதைக் காட்டி வாங்குங்கள்.

படம் எடுக்காமல் கழற்றுவது

பெல்ட் எந்தப் புல்லியில் எப்படிச் சுற்றிப் போகிறது என்று படம் எடுக்க போன் கையில்தானே இருக்கிறது?

ஒரு வரி தள்ளி மாட்டுவது

எஞ்சின் நேரடியாகச் சுற்றும் கிராங்க் புல்லி அடியில், இருட்டில் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். கீழே ஓர வரி காடிக்கு வெளியே தொங்கும். அப்படியே ஸ்டார்ட் ஆகும், பேட்டரி சார்ஜ் ஏறும், ஏசியும் குளிரும். அதுதான் கொடுமை. மன்னார்குடியில் கிளம்பினால் தஞ்சாவூர் சேர்வதற்குள்ளேயே ஓரம் நார்நாராகப் பிரியலாம். டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தவறாமல் ஓட்டும் பல் பெல்ட்) உள்ள எஞ்சினில் அந்த நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றி, டைமிங் கவருக்குள் நுழைந்து, அந்தப் பெல்ட்டைப் பல் தாண்டவைத்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான்.

பிரிந்த பெல்ட்டோடு கடைக்குப் போய் "டூப்ளிகேட்டைத் தந்துட்டீங்கண்ணே" என்று சண்டை வேறு. ஒரு ஓரம் மட்டும் பிய்ந்து மற்ற வரிகள் புதிதாகவே இருந்தால் முதலில் மாட்டிய விதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காரை ஜாக்கியால் தூக்கி ஆக்ஸில் ஸ்டாண்டில் நிறுத்தி, புல்லி இருக்கும் பக்கத்துச் சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் கழற்றுங்கள். டார்ச் அடித்து, ஒவ்வொரு புல்லியிலும் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு எஞ்சின் ஓடும் திசையிலேயே இரண்டு சுற்று சுற்றுங்கள். மறுபடியும் தடவுங்கள். அப்புறம்தான் சாவி.

பெல்ட்டை மட்டும் மாற்றுவது

பெல்ட் இல்லாதபோது டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டுவது) புல்லிகளைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங் போய்விட்டது. ஆயில் அல்லது கூலன்ட் கசிவு இருந்தால் அதை அடைத்த பிறகே புது பெல்ட்.

வெடிப்பு இல்லையென்று விட்டுவிடுவது

இப்போது வரும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் லேசில் வெடிக்காது, டயர்போலத் தேயும். வரிகளுக்கு நடுவே பள்ளம் அகன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்ட் ஸ்ப்ரே

கீச்சை அடக்க அடிப்பது வேண்டாம்.

ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றுவது

சில கார்களில் டென்ஷனரே கிடையாது, இழுபடும் பெல்ட்தான். நெம்பினால் உள்ளிழை அறுந்துவிடும். அதற்கென்று மாட்டும் கருவி இருக்கிறது. கிடைக்காவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.