தண்ணீர்த் தொட்டியில் அலை மின்சாரம்: ஒரு மிதவை, ஆறு காந்தங்கள், இரண்டு சுருள்கள்

கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் முறையைச் சிறிய அளவில் செய்து பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் மிதவையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று விதமான மிதவைகளைச் செய்து, மூன்றிலும் விளக்கு எரியாமல் போன பிறகுதான் குறை மிதவையில் இல்லை, கம்பிச் சுருளில் இருக்கிறது என்பது புரிந்தது. ஆகவே இந்த விளக்கத்தில் சுருளுக்குத்தான் அதிக இடம்.

அசையாத பகுதியை முதலில் முடிவு செய்யுங்கள்

காந்தமும் சுருளும் ஒன்றையொன்று கடந்து நகர்ந்தால்தான் மின்னழுத்தம் பிறக்கும். இரண்டையும் ஒரே புட்டிக்குள் அடைத்து நீரில் மிதக்கவிட்டால், இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குமே தவிர, பெரிதாக எதுவும் கிடைக்காது. ஸ்வீடனின் மேற்குக் கரையில் லீசெகில் அருகே உப்சாலா பல்கலைக்கழகத்தினர் 2006-இல் கடலில் இறக்கிய கருவியில், மிதவை மட்டும் நீர்மட்டத்தில் இருக்கும். மின்னாக்கியோ கனமான கான்கிரீட் அடித்தளத்தோடு கடலடியில் நிற்கும். இரண்டையும் ஒரு கயிறு இணைக்கும். நம்முடைய மாதிரியில் சுருளைத் தொட்டியின் மேல் குறுக்குச் சட்டத்தில் அசையாமல் பொருத்திவிட்டு, காந்தத்தை மிதவையோடு ஆடவிடப் போகிறோம்.

தேவையானவை

சுமார் 60 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் தொட்டி, 15 செ.மீ. அகலமுள்ள தெர்மாகோல் வட்டு, ஒரு மரக்குச்சி, 20 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய், அதற்குள் தடையின்றி நகரக்கூடிய 15 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. தடிமனும் கொண்ட ஆறு நியோடிமியம் காந்தங்கள், 0.2 மி.மீ. எனாமல் (மின்சாரம் கடத்தாத மெல்லிய பூச்சு) பூசிய தாமிரக் கம்பி, இரண்டு சிவப்பு எல்.இ.டி. விளக்குகள், ஒரு மல்டிமீட்டர். மலிவான ஃபெரைட் காந்தத்தால் இந்த வேகத்தில் விளக்கை எரிய வைப்பது கடினம் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. நியோடிமியம் காந்தங்கள் விரல் தோலைக் கவ்விவிடும், மோதினால் உடையும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அவற்றைக் கையாளவே கூடாது.

காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவிட்டால் 60 மி.மீ. நீளமுள்ள ஒரே காந்தம் போல் ஆகிவிடும். அதைக் குச்சியின் மேல்நுனியில் பசை வைத்து ஒட்டி, குச்சியின் அடிநுனியை வட்டின் நடுவில் செங்குத்தாகச் செருகி ஒட்டுங்கள்.

சுருள்: என்னை ஒரு வாரம் அலைக்கழித்த இடம்

சுற்றுகள் கூடினால் மின்னழுத்தம் கூடும் என்பது உண்மை. அதை நம்பி, குழாயின் மேல் 12 செ.மீ. நீளத்துக்கு 1600 சுற்றுகளை ஒரே சுருளாகச் சுற்றினேன். மிதவை நன்றாக ஏறி இறங்கியது. மீட்டர் முள்ளோ நடுங்கியதோடு நின்றுவிட்டது. காந்தம் பழுதாகியிருக்குமோ என்று அதை மாற்றிப் பார்த்தேன். கம்பி அறுந்திருக்குமோ என்று மின்தடையை அளந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

காரணம் எளிது. காந்தம் முழுவதும் சுருளுக்குள்ளேயே இருந்து மேலே நகரும்போது, அதன் மேல்முனை சில புதிய சுற்றுகளைப் பிடிக்கிறது; அதே நேரத்தில் கீழ்முனை அதே எண்ணிக்கையிலான சுற்றுகளை விட்டுவிடுகிறது. வரவும் செலவும் சமமாகிவிடுவதால், சுருளின் மொத்தக் காந்தப்பாயம், அதாவது அதன் சுற்றுகளை ஊடுருவும் காந்தப்புலத்தின் அளவு, ஏறக்குறைய மாறுவதே இல்லை. பாயம் மாறாத இடத்தில் மின்னழுத்தம் எப்படிப் பிறக்கும்?

தீர்வாக, அதே கம்பியை அவிழ்த்து, 15 மி.மீ. அகலமுள்ள இரண்டு குட்டைச் சுருள்களாக, ஒவ்வொன்றிலும் 800 சுற்றுகள் வருமாறு சுற்றினேன். இரண்டு சுருள்களின் மையங்களுக்கும் இடையே சரியாகக் காந்தத்தின் நீளம், அதாவது 60 மி.மீ., இருக்க வேண்டும். நீர் அசையாமல் இருக்கும்போது காந்தத்தின் மேல்முனை மேல்சுருளின் நடுவிலும், கீழ்முனை கீழ்சுருளின் நடுவிலும் நிற்குமாறு குழாயின் உயரத்தைச் சரிசெய்து சட்டத்தில் கட்டுங்கள். இப்படி வைத்தால், மிதவை மிக வேகமாக நகரும் கணத்தில் இரண்டு முனைகளும் சுருள்களின் நடுவைக் கடக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு சுருளை வடமுனையும் மற்றொன்றைத் தென்முனையும் கடப்பதால், ஒரே திசையில் சுற்றிய சுருள்களில் எதிரெதிரான மின்னழுத்தங்கள் பிறக்கும். அப்படியே தொடராக இணைத்தால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும். ஒரு சுருளின் இரண்டு நுனிகளை மட்டும் மாற்றி இணைத்தால் போதும். எந்தத் திசையில் சுற்றினோம் என்று மூளையைக் குழப்பிக்கொள்ளாமல், இரண்டு விதமாகவும் இணைத்துப் பார்த்து, முள் அதிகம் பாயும் இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி நுனிகளில் உள்ள எனாமலை உப்புத்தாளால் தேய்த்து எடுத்த பிறகு அளந்தால், ஒவ்வொரு சுருளும் 30 ஓம் சொச்சம் காட்ட வேண்டும்.

இந்த அளவீடுகளுக்கு முள் காட்டும் பழைய வகை மீட்டர்தான் என் தேர்வு. நொடிக்கு ஏறக்குறைய இருமுறை திசை மாறும் மின்னழுத்தத்தை டிஜிட்டல் மீட்டர் பொருத்தமில்லாத எண்களாகச் சிதறடிக்கும். முள்ளோ அலையோடு சேர்ந்து இடமும் வலமும் ஆடும். டி.சி. அளவையில் வைத்தே பாருங்கள்.

விளக்கு

கிடைப்பது மாறுதிசை மின்சாரம் என்பதால் நான்கு டயோடுகளை (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்புகள்) வைத்து நேராக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு உச்சத்தில் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. சாதாரண சிலிக்கான் டயோடு ஒன்று சுமார் 0.7 வோல்ட்டை விழுங்கும். மின்னோட்டம் ஒரே சமயத்தில் இரண்டு டயோடுகளைக் கடப்பதால் 1.4 வோல்ட் போய்விடும்; மிச்சத்தை வைத்துச் சிவப்பு விளக்குக்கு வேண்டிய 1.8 வோல்ட்டை எட்ட முடியாது. ஷாட்கி டயோடு இழப்பைக் குறைக்குமே தவிர, விளக்கை எரிய வைக்க அதுவும் போதாது. ஆகவே நேராக்குவதை விட்டுவிட்டு, இரண்டு எல்.இ.டி.களை எதிரெதிர்த் திசையில் இணையாக இணையுங்கள். மிதவை ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது மற்றொன்றும் மின்னும். முகட்டிலும் பள்ளத்திலும் மிதவை ஒரு கணம் நிற்பதால் இரண்டும் அணைந்திருக்கும்.

காற்றறை வகை அலை மின் நிலையங்களில் இந்தத் திசைச் சிக்கலை விசிறியே தீர்த்துவிடுகிறது. அலை ஏறும்போது அறையிலிருந்து காற்று வெளியே பாயும், இறங்கும்போது உள்ளே பாயும். ஆலன் வெல்ஸ் வடிவமைத்த டர்பைன் இரண்டு வேளையும் ஒரே திசையில்தான் சுழலும். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991-இல் இயங்கத் தொடங்கிய 150 கிலோவாட் சோதனை நிலையம் அந்த வகையைச் சேர்ந்தது.

அலை எழுப்புதல்

தொட்டியில் 15 செ.மீ. ஆழத்துக்கு நீர் ஊற்றி, ஒரு முனையில் பலகையை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் நீர் தானாகவே பெரிதாக ஆடத் தொடங்கும். அந்தத் தாளத்தைக் கண்டுபிடித்த பிறகு பலம் தேவையில்லை. பெருமைப்படுவதற்கு முன் ஒரு கணக்கு: இந்த விளக்கு வாங்கிக்கொள்வது உச்சத்தில் சுமார் 10 மில்லிவாட். திறந்த கடலில் 2 மீட்டர் உயரமும் 8 நொடி இடைவெளியும் கொண்ட அலைகள், முகட்டின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் ஏறக்குறைய 16 கிலோவாட்டைச் சுமந்து வருகின்றன.

பின்னர் சேர்த்தவை

வாசகர் ஒருவர் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக அலுமினியக் குழாயைப் பயன்படுத்தியதாகவும், காந்தம் தேனுக்குள் நகர்வது போல் தயங்குவதாகவும் எழுதியிருந்தார். அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படாது என்றாலும், நகரும் காந்தம் அதில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். அவை காந்தத்துக்குத் தடையாக நிற்கும். உலோகக் குழாய் எதுவும் வேண்டாம்.

மேலும் இருவர், மிதவை ஏறி இறங்காமல் பக்கவாட்டில் சாய்ந்தாடுவதாகவும் குச்சி குழாயில் உரசுவதாகவும் குறிப்பிட்டிருந்தார்கள். விசாரித்ததில் இருவருமே மிதவையைத் தொட்டியின் நடுவில் வைத்திருந்தார்கள். இவ்வளவு சிறிய தொட்டியில் நீர் சீசா பலகை போல் இரு முனைகளிலும் மாறிமாறி உயருமே தவிர, நடுவில் மட்டம் மாறுவதில்லை. சாய்வு மட்டுமே மாறும். சட்டத்தைப் பலகைக்கு எதிர்ச் சுவரின் ஓரத்துக்கு, மிதவை சுவரில் முட்டாத அளவு இடைவெளி விட்டு, நகர்த்தச் சொன்னேன். ஒருவருக்கு அன்றே விளக்கு எரிந்தது. மற்றவர் கம்பி நுனியில் எனாமலைத் தேய்க்கவே இல்லை என்பது மறுநாள் தெரியவந்தது.