டிராவை எழுதிக் கேளுங்கள்

அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பிள்ளைகள் செஸ் ஆட வருவார்கள். ஓப்பனிங் யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளட்டும்; நான் நச்சரிப்பது ஒன்றைத்தான். டிரா தானாக வராது, கேட்டு வாங்கணும்.

பலகையில் காய்கள் ஒரே நிலையில் மூன்றாம் முறை வந்தால் டிரா என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்கும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம். நானும் விட்டேன். 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 வினாடி கூடுதல் என்ற ஆட்டம். எதிராளிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே ரேட்டிங். ஆளுக்கு ஒரு ரூக் (யானை), மூன்று சிப்பாய். மூன்றாம் முறை அதே நிலை வரும்படி ரூக்கை வைத்து, கிளாக்கை அமுக்கிவிட்டு ஆர்பிட்டரை, அதாவது நடுவரை, கூப்பிட்டேன். “இப்ப அவர் முறை சார், நீங்க கேட்க முடியாது” என்றார். எதிராளி சிரித்துக்கொண்டே வேறு நகர்த்தல் ஆடினார். எனக்கு மீதி நாலு நிமிடம்தான். தோற்றேன்.

செய்ய வேண்டியது இது. உங்கள் முறை வந்ததும் காயைத் தொடாதீர்கள். தொட்டால் அந்த நகர்த்தலில் டிரா கேட்கும் உரிமை போச்சு. மூன்றாம் முறையைக் கொண்டுவரும் நகர்த்தலை, ஆட்டத்தைக் குறித்துவரும் ஸ்கோர் ஷீட்டில் எழுதுங்கள், ஆடாதீர்கள். கிளாக்கை நிறுத்தி, ஆர்பிட்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எதிராளியின் நகர்த்தலே மூன்றாம் முறையைக் கொண்டுவந்துவிட்டால் எதுவும் எழுத வேண்டாம், அப்போதே கேட்கலாம்.

அந்த நிலை அடுத்தடுத்து வரணும் என்றில்லை. 31, 35, 42-ஆம் நகர்த்தல் என்று விட்டுவிட்டு வந்தாலும் சரி. ஆனால் ஆட வேண்டியவர் அதே ஆளாக இருக்கணும், காஸ்லிங் (ராஜாவையும் ரூக்கையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) உரிமையும் மாறியிருக்கக் கூடாது. இங்கேதான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். கணக்குத் தப்பினால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். எழுதிய நகர்த்தலை ஆடியே தீரணும்.

ஆளுக்கு 50 நகர்த்தல் சிப்பாய் அசையாமல், காய் வெட்டாமல் போனாலும் இதே முறைதான். நிலை ஐந்து முறை வந்தாலோ 75 நகர்த்தல் இப்படிப் போனாலோ மட்டும் ஆர்பிட்டரே ஆட்டத்தை முடிப்பார்.

எதிராளியோடு பேசி டிராவில் முடிப்பதென்றால் முதலில் நகர்த்துங்கள், டிரா கேளுங்கள், பிறகு கிளாக். எதிராளி யோசிக்கும்போது நச்சரித்தால் அது தொந்தரவு, எச்சரிக்கை வரும். சில போட்டிகளில் குறிப்பிட்ட நகர்த்தல் வரை பேசி முடிக்கவே விடமாட்டார்கள். விதித்தாளை முன்பே படித்துவிடுங்கள்.

கை குலுக்கியதும் ஓடாதீர்கள். இரண்டு ஷீட்டிலும் அரை, அரை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காபி.