நகரத்து மொட்டை மாடியிலிருந்து வானம் பார்க்க

சென்னையில் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், தெருவிளக்குகளின் வெளிச்சம் வானமெங்கும் சாம்பல் பூசியதுபோல் படர்ந்திருக்கும். அந்த வெளிச்சம் மறைப்பதெல்லாம் மங்கலாகப் பரந்து கிடக்கும் விண்மீன் திரள்களையும் நெபுலாக்கள் எனப்படும் வாயு, தூசு மேகங்களையும்தான். நிலவும் கோள்களும் இரட்டை விண்மீன்களும் அதைத் தாண்டித் தெரியும். ஆகவே முகப்பு வில்லையின் விட்டம் 70 மில்லிமீட்டர் உள்ள தொலைநோக்கி வைத்திருப்பவர் முதல் நாளே ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளைத் தேடிச் சோர்ந்துபோக வேண்டாம்.

பக்கத்து வீட்டு விளக்கு நேரே கண்ணில் படாதபடி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தொலைநோக்கியை நிறுத்துங்கள். தலையோடு கண்ணருகு வில்லையையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, கைப்பேசியைத் தொடாமல் இருபது நிமிடம் இருந்தால் கண் இருளுக்குப் பழகிவிடும். நகர வெளிச்சத்தைத் தடுக்க விலை கொடுத்து வாங்கும் ஒளி வடிகட்டிகளைவிட இந்தத் துணியையே நான் நம்புகிறேன், ஏனெனில் எல்.இ.டி. விளக்குகளின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் வடிகட்டியால் அதைப் பிரித்தெடுக்க இயலாது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் முன்னிரவில் வெப்பத்தை வெளிவிடும்போது பிம்பம் கொதிநீர்போல் நடுங்கும் என்பதால், ஒன்பது மணிக்கு மேல் பார்ப்பது நல்லது.

தொலைநோக்கியின் குவியத் தொலைவு (முகப்பு வில்லையிலிருந்து பிம்பம் விழும் இடம்வரை உள்ள தூரம்) 700 மில்லிமீட்டராக இருந்தால், 25 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள கண்ணருகு வில்லை 28 மடங்கும் 10 மில்லிமீட்டர் வில்லை 70 மடங்கும் பெரிதாக்கும். பெருக்கம் கூடக்கூட வானத்தின் வெளிச்சம் பரந்து மங்கிவிடும், விண்மீனோ புள்ளியாகவே நிற்கும். நகரத்தில் இரட்டை விண்மீன்கள் அழகாகத் தெரிவதன் காரணம் இதுவே. ஆனால் இந்த அளவுத் தொலைநோக்கிக்கு 140 மடங்குதான் எல்லை. பெட்டியில் 500 என்று அச்சிட்டிருந்தாலும் அதற்குமேல் பிம்பம் குழம்பிவிடும்.

ஏப்ரல், மே மாத இரவுகளில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடுவிலிருக்கும் வசிஷ்டரைப் பிடியுங்கள். திருமணத்தன்று அம்மி மிதித்துக் காட்டப்படும் அருந்ததி அதன் அருகில் இருக்கிறாள். நகர வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கு எட்டாவிட்டாலும் தொலைநோக்கியில் தெளிவாகத் தெரிவாள். 28 மடங்கில் சற்று நேரம் அசையாமல் உற்றுப் பார்த்தால், வசிஷ்டரே பளிச்சென்ற ஒன்றும் சற்று மங்கலான மற்றொன்றுமாக இரண்டாகப் பிரிவதைக் காணலாம். இடைவெளி 14 விகலைதான் (ஒரு பாகையில் 3600 விகலைகள்). 70 மடங்குக்கு மாற்றியதும் நடுவில் கறுத்த வானம் தெரியும்.

நிலவைப் பௌர்ணமியன்று பார்க்காமல் வளர்பிறை சப்தமி, அஷ்டமி நாள்களில் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளை நாள்தோறும் ஒரு தாளில் வரைந்து வைத்தால், 1610இல் கலிலியோ கண்ட அதே இடமாற்றத்தை நீங்களும் காண்பீர்கள். சூரியனை மட்டும், முகப்பு வில்லைக்கு முன்னால் பொருத்தும் சூரிய வடிகட்டி இல்லாமல், ஒருபோதும் பார்க்கக் கூடாது.

இவ்வளவும் பழகிய பிறகு ஜனவரியில் ஓரியன் நெபுலாவுக்கு வாருங்கள். நகர வெளிச்சத்துக்கும் தாக்குப்பிடிக்கும் நெபுலா அது. துணிக்குள் இருந்தபடி ஓரக்கண்ணால் பார்க்க, நெருங்கி நிற்கும் நான்கு சிறு விண்மீன்களைச் சுற்றி ஊதுவத்திப் புகைபோல மெல்லிய வெளிச்சம் மெதுவாகத் துலங்கும்.