கூத்துப் பழக்கமும் மனநல ஆய்வும்: எந்த நாளில் அளப்பது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊரொன்றில் கூத்துப் பழகுவது ஆடுபவர்களின் மனநிலைக்கு என்ன செய்கிறது என்று ஆராயப் போகிறீர்களா? வினாக்கொத்தைத் தேடுமுன் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் போய் நாட்களைக் கேளுங்கள். சட்டங்கொடுப்பது (ஆடுபவருக்கு அவர் பாத்திரத்தின் பாட்டு, வசனத்தை எழுதிக் கொடுப்பது), சதங்கை அணிவது, அடுக்குப் பார்ப்பது (முழு ஒத்திகை), அரங்கேற்றம் எல்லாம் எப்போது என்று தெரிந்தால்தான் அளக்கும் நாளைக் குறிக்கலாம். அவர் உங்களுக்காகச் செலவிடும் நாட்களுக்கும் கூலி போடுங்கள். பல திட்டங்களில் விடுபடுவது இதுதான்.

அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நல்வாழ்வுச் சுட்டி போதும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. கூட்டி 4ஆல் பெருக்கினால் 100க்கு வரும். ஐந்தும் கடந்த 2 கிழமையை (வாரத்தை) பற்றியவை. சிக்கலும் அங்கேதான். நாலாவது கேள்வி, காலையில் களைப்பில்லாமல் எழும்பினீர்களா என்பது. கூத்தோ விடியவிடிய நடப்பது. மத்தளம் ஓய்ந்த மறுநாள் கேட்டால் மகிழ்ச்சிக் கேள்விக்கு 5 விழும், இதற்கு 0 விழும். முன்னது கொண்டாட்டம், பின்னது நித்திரை முழிப்பு. ஆகவே முதல் அளவை சட்டங்கொடுக்குமுன். அடுத்தது அரங்கேறி 4 கிழமை கழித்து. முடிந்தால் 3 மாதத்தில் இன்னொன்று. 10 புள்ளிக்குக் குறைந்த மாற்றத்தைப் பெரிதாக எழுதாதீர்கள்.

வெள்ளாமை வெட்டி நெல் வீட்டுக்கு வந்த மாதத்தில் ஆடாதவருக்கும் புள்ளி கூடலாம். அதே ஊரில் வயல் செய்கிற, கூத்தில் சேராத சிலரையும் அதே நாட்களில் கேளுங்கள்.

கேள்விகளை முதலில் ஊரார் ஐந்தாறு பேருக்கு வாசித்துக் காட்டி, விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இங்கே ‘யோசினை’ என்றால் பெரும்பாலும் கவலை.

ஆய்வில் சேரச் சம்மதத்தைக் கூத்துப் பழகும் களரியில் வாங்காதீர்கள். அண்ணாவியார் பார்த்திருக்க யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். வீட்டில், தனியாகக் கேளுங்கள். ஆய்வில் சேராவிட்டாலும் ஆடலாம் என்பதை வாயால் சொல்லுங்கள். புள்ளிகள் அண்ணாவியாருக்கும் போகக்கூடாது.

100க்கு 28 புள்ளி அல்லது அதற்குக் கீழே வந்தவரைத் தாளோடு விட்டுவிடக்கூடாது. மனநலப் பிரிவொன்றோடு முன்கூட்டியே பேசி வைத்து, அவர் விரும்பினால் கூடவே போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் கொடுங்கள்.

பாத்திரம் பிரிப்பது அண்ணாவியார் வேலை, அதில் தலையிட வேண்டாம். ஒன்றை மட்டும் அவர் காதில் போட்டு வையுங்கள்: அபிமன்யு விழுந்த பிறகு புலம்பிப் பாட வேண்டியவர் பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்றால், சட்டத்தைக் கையில் கொடுக்குமுன் அவரிடம் தனியே கேட்க வேண்டும். சிலர் அதையே விரும்பிக் கேட்பார்கள்.