குழந்தைகள் செய்யும் காகிதம் வலையிலேயே கிழிகிறதா?

கி.பி. 105-ல் சீனாவில் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி ஹான் அரசவையில் காட்டிய காகிதத்துக்கு மரப்பட்டை, கந்தல் துணி, பழைய மீன்வலை போதுமாயிருந்தன. கான்சு மாகாணத்தில் அதற்கும் முந்தைய துண்டுகள் கிடைத்துள்ளன. அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம்.

வகுப்பில் பெரிய தொல்லை, ஈரத்தாளை வலையிலிருந்து உரிக்கும்போது கிழிவது. உள்ளே நீர் நிற்பதே காரணம். எனக்குப் பலித்த முறை இது. எழுதித் தீர்ந்த நான்கு ஏ4 தாள்களைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, மிக்ஸியில் நிறையத் தண்ணீர் விட்டு அரை நிமிடம் மட்டும் அடியுங்கள். அதிகம் அடித்தால் நார் குட்டையாகி, தாள் உதிரும். செய்தித்தாளின் நார் ஏற்கனவே குட்டை, அதனால் தவிர்ப்பேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கொசுவலையில் கூழை அள்ளி, நீர் சொட்டுவது நின்றதும் ஈரமான பருத்தித் துணிமேல் கவிழ்த்து, வலையின் முதுகில் ஸ்பாஞ்சை அழுத்தி ஒற்றுங்கள். தேய்த்தால் ஓட்டை விழும். ஸ்பாஞ்ச் மூன்று நான்கு முறை பிழியும் அளவுக்கு நீர் வந்தபின், ஒரு ஓரத்திலிருந்து வலையைத் தூக்கினால் தாள் துணியிலேயே தங்கும். முழுதும் காயும்வரை உரிக்கக் கூடாது.

காய்ந்த தாளில் எழுதும்போது மை கசிந்தால் நீர்த்த அரிசிக்கஞ்சியை மெல்லத் தடவி உலர்த்துங்கள். சீனத்திலும் பழங்காலத்தில் மாவுக்கஞ்சி பூசியதுண்டு.