காட்டுத்தீத் தடுப்பில் பாதியில் நிற்கும் வேலைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஜனவரியில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே தேசிய வனத்தில் சுள்ளிக் குவியல்கள் சிலவற்றை எரித்தார்கள். காட்டைச் சுத்தம் செய்யும்போது எப்போதும் நடக்கிற வேலைதான். நெருப்பு அடங்கியது. அதன் மேல் பனியும் விழுந்தது, ஒரு முறை அல்ல, மூன்று முறை. வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏப்ரலில் காற்று வீசத் தொடங்கியதும், மூன்று மாதமாக அடியில் கனன்றுகொண்டிருந்த கங்கு மேலே வந்தது. அதே வனத்தில் இன்னொரு பக்கம், பெருந்தீ வராமலிருக்கத் தரைச் சருகைக் குறைப்பதற்காக ஏப்ரல் 6 அன்று வைத்த திட்டமிட்ட தீ ஒன்று ஏற்கெனவே கைமீறிப் போயிருந்தது. இரண்டு தீயும் சேர்ந்து 3,41,000 ஏக்கருக்கு மேல் எரித்தன. அந்த மாநிலத்தில் பதிவான காட்டுத்தீக்களிலேயே பெரியது அதுதான். நெருப்பு, கடன், பகை மூன்றிலும் மிச்சம் வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

இதைக் கேட்டதும் ‘காட்டில் போய் தீ வைப்பார்களா?’ என்றுதான் பலருக்கும் தோன்றும். அப்படி முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. அமெரிக்க வனச்சேவை ஆண்டுக்குச் சுமார் 4,500 முறை இப்படித் திட்டமிட்டு எரிக்கிறது. அவற்றில் 99.84 சதவீதம் நினைத்தபடியே முடிகின்றன என்பது அந்தத் துறை தரும் கணக்கு. நியூ மெக்சிகோ சம்பவத்துக்குப் பிறகு நாடு முழுவதும் 90 நாட்கள் எரிப்பை நிறுத்தி, விதிமுறைகளைத் திருத்திவிட்டு மறுபடியும் தொடங்கினார்கள். அங்கே பிசகியது இரண்டு இடங்களில். வறட்சியில் காய்ந்து கிடந்த காட்டின் நிலையைக் குறைத்து மதிப்பிட்டார்கள். குவியல் முழுசாக அணைந்ததா என்று கடைசிவரை பார்க்கவில்லை. பொதுக் காடுகளில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான். எடுத்த வேலை சரியாகவே இருக்கும், அதைப் பாதியில் விட்டிருப்பார்கள்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இந்தத் தவறுகளுக்கு விலை அதிகம். அங்கே நிலத்தில் பெரும்பங்கு மத்திய அரசுடையது. நெவாடாவில் மட்டும் ஏறத்தாழ 80 சதவீதம். தேசிய வனம், தேசியப் பூங்கா, மேய்ச்சல் நிலம் என்று பெயர் மாறினாலும் தீக்கு எல்லைக்கல் தெரியாது.

எல்லாத் தீயையும் அணைத்தது

1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டு நாட்களில் ஐடஹோ, மொன்டானா பகுதியில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. தீயணைப்பில் இருந்தவர்களில் மட்டும் 78 பேர் இறந்தார்கள். அப்போது வனச்சேவைக்கு வயது ஐந்துதான். அந்த அதிர்ச்சி அந்தத் துறையை விட்டுப் பல தலைமுறைக்குப் போகவில்லை. 1935-இல் ‘காலை பத்து மணி’ விதி வந்தது. ஒரு தீயைப் பற்றித் தகவல் வந்தால், மறுநாள் காலை 10 மணிக்குள் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சின்னதோ பெரியதோ, நடுக்காட்டில் மின்னல் விழுந்து பிடித்ததோ, எல்லாவற்றுக்கும் அதே விதி. 1978 வரை இதுதான் கொள்கை.

பாண்டெரோசா பைன் காடுகளுக்கு இது என்ன செய்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். இந்த மரத்தின் பட்டை தடிமனானது. வளர வளரக் கீழ்க்கிளைகளை அதுவே உதிர்த்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தரையோடு ஊர்ந்து போகும் சின்னத் தீ, சருகையும் இளங்கன்றுகளையும் எரித்துவிட்டுப் பெரிய மரங்களை விட்டுவைக்கும். அந்தத் தீ நின்றுபோனதும் சருகு ஆண்டுக்காண்டு குவிந்தது. பெரிய மரங்களின் காலடியில் கன்றுகள் நெருக்கியடித்து வளர்ந்தன. தரைத்தீ உச்சிக்கு ஏற இவைதான் ஏணி. ஒரு முறை உச்சிக்கு ஏறிவிட்டால் நூற்றாண்டு கண்ட மரமும் தப்பாது. ஆக, அணைத்த தீ காணாமல் போகவில்லை, வட்டியோடு சேர்ந்துகொண்டிருந்தது.

அதற்காக எல்லாத் தீயையும் எரிய விடலாம் என்று கிளம்பினால் அது மறுமுனைத் தவறு. கொளுத்தும் வெயிலில், காற்றடிக்கும் நாளில், பக்கத்தில் ஊர் இருக்கும்போது எந்தத் தீயாக இருந்தாலும் அணைக்கத்தான் வேண்டும். ஈரப்பதம் இருக்கும் காலத்தில், ஆள் நடமாட்டமில்லாத மலையில் பிடித்த மின்னல் தீயையும் அதே வேகத்தில் அணைக்கலாமா என்பதுதான் கேள்வி.

இந்தக் காடுகளுக்குத் தீ புதிதும் அல்ல. வட கலிபோர்னியாவின் கரூக், யூரோக் பழங்குடி மக்கள் ஹேசல் புதர்களை எரித்துவிட்டு, அடுத்து நேராகத் துளிர்க்கும் தண்டுகளில் கூடை பின்னிய மரபு உடையவர்கள். ‘கை படாத காடு’ என்று வெளியிலிருந்து வந்தவர்கள் நினைத்தது, பல இடங்களில் கை பட்டுப் பட்டு உருவான காடு. அந்தப் பழங்குடிகள் எரிப்பதைத் தடுத்ததையும் இந்தத் தவறுகளின் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும்.

வெட்டிவிட்டு அப்படியே போவது

இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நெருக்கமாக வளர்ந்த காட்டில் சிறு மரங்களை எடுத்து இடைவெளி விடுவதற்கு இடைவெட்டு என்று பெயர். நல்ல வேலைதான். ஆனால் வெட்டிய கிளையும் தழையும் எங்கே போகிறது? வண்டி ஏற்றி விற்க அதில் காசு இல்லை. தரையிலேயே பரப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள், அல்லது குவித்துவைத்துவிட்டு ‘அடுத்த குளிர்காலத்தில் எரிக்கலாம்’ என்கிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் ஆள் இல்லை, பணம் இல்லை, எரிப்பதற்கேற்ற நாள் அமையவில்லை. மேலே நின்ற எரிபொருள் கீழே வந்து நன்றாகக் காய்ந்து கிடக்கிறது, அவ்வளவுதான் மிச்சம். அந்த நிலையில் தீ வந்தால், தொடாத காட்டைவிட மோசமாகவும் எரியலாம். மரங்களின் நடுவே இடைவெளி கிடைத்ததால் வெயிலும் காற்றும் தரைவரை வந்து சருகைச் சீக்கிரம் உலர்த்துவது இன்னொரு சங்கடம்.

2021-இல் ஓரிகன் மாநிலத்தில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த, பூட்லெக் என்று பெயரிட்ட தீ இதற்கு ஒரு பரீட்சை வைத்த மாதிரி ஆனது. இடைவெட்டும் செய்து, பிறகு திட்டமிட்டு எரித்தும் இருந்த இடங்களுக்கு வந்தபோது தீ தரைக்கு இறங்கியது; மரங்கள் பிழைத்தன. வெட்டு முடிந்து எரிப்பு தள்ளிப்போயிருந்த இடத்தில் சேதம் கூடுதல். அதனால் ஒரு திட்டத்தைப் பார்த்தால், எத்தனை மரம் வெட்டப் போகிறீர்கள் என்பதற்கு முன்னால், வெட்டியதை எப்போது எரிப்பீர்கள், அதற்குப் பணம் ஒதுக்கியாயிற்றா என்று கேளுங்கள்.

எந்த மரத்தை வெட்டுகிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. ஆபத்து சின்ன மரத்தில் இருக்கிறது, விலை பெரிய மரத்தில் இருக்கிறது. செலவை ஈடுகட்ட நாலு பெரிய மரத்தையும் சேர்த்துக்கொள்வோம் என்று தொடங்கினால், தீயைத் தாங்கும் மரம் போய், தாங்காதது நிற்கும். 1990-களில் கிழக்கு ஓரிகன், கிழக்கு வாஷிங்டன் தேசிய வனங்களில் 21 அங்குலத்துக்கு மேல் குறுக்களவு உள்ள மரங்களை வெட்டுவதற்குத் தடை போட்டதற்கு, மிச்சமிருந்த பெரிய மரங்களைக் காப்பதுதான் காரணம். அந்த அளவைத் தளர்த்தலாமா என்ற வழக்கும் வாதமும் பின்னாலேயே வந்தன. ஒரே எண்ணை எல்லா வகை மரத்துக்கும் வைப்பது சரியில்லை என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. எனக்கோ, விலை போகும் மரத்தைத் தொடும்போது கூடுதலாக ஒரு கேள்வி கேட்பது நல்லது என்றுதான் படுகிறது.

அப்புறம், ஒரு முறை செய்துவிட்டால் போதும் என்ற நினைப்பு. பாண்டெரோசா காட்டில் பத்துப் பதினைந்து ஆண்டில் சருகும் கன்றும் திரும்ப வந்துவிடும். ஒரு முறை சிரைத்தால் தாடி வளராமலா இருக்கும்? கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் மரிபோசா சோலையின் ராட்சத செக்வோயா மரங்களை 2022-இல் வாஷ்பர்ன் தீ நெருங்கியது. அங்கே பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப எரித்துத் தரையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். சோலை தப்பியது. 2020-இல் அதே மாநிலத்தின் தெற்கு சியெரா மலைகளில் காசில் தீ போன பாதையில் இருந்த பல செக்வோயா சோலைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற மரங்கள் ஆயிரக்கணக்கில் கருகின.

எல்லாக் காட்டுக்கும் ஒரே மருந்து

இதுவரை சொன்னதெல்லாம் பாண்டெரோசா போன்ற வறண்ட காடுகளுக்கு. இதையே லாட்ஜ்போல் பைன் காட்டில் செய்தால் காசும் வீண், காடும் வீண். அந்த மரத்தின் கூம்புகளில் பலவும் பிசினால் மூடியிருக்கும். தீயின் சூடு பட்டால்தான் திறந்து விதையைக் கொட்டும். நூறு, இருநூறு, முந்நூறு ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக எரிந்து மொத்தமாக முளைப்பதே அதன் வாழ்க்கை. 1988-இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் 36 சதவீத நிலத்தைத் தீ தொட்டபோது பூங்காவே அழிந்ததாகச் செய்தி வந்தது. கருகிய மரங்களுக்கு நடுவே அடுத்த ஆண்டுகளிலேயே கன்றுகள் அடர்த்தியாக எழுந்தன.

தெற்கு கலிபோர்னியாவின் சாப்பரல் புதர்க்காட்டில் பிரச்சினை தலைகீழ். அங்கே தீ குறைவாக வரவில்லை, மிஞ்சி வருகிறது. புதர் விதை சேர்ப்பதற்குள் மறுபடி எரிந்தால் அந்த இடத்தை வெளிநாட்டுப் புல் பிடித்துக்கொள்ளும். நெவாடா பக்கத்து சேஜ் புதர் நிலத்தில் சீட்கிராஸ் என்ற புல் செய்வதும் இதேதான்: சீக்கிரம் காயும், சீக்கிரம் எரியும், எரிந்த இடத்தில் இன்னும் அதிகமாக முளைக்கும். தீத்தடுப்புக் கோடு போடுகிறேன் என்று அங்கே மண்ணைக் கிளறிவிட்டு உள்ளூர்ப் புல்லை விதைக்காமல் போனால் சீட்கிராஸுக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்த மாதிரி.

அடர்த்தியை ஆரோக்கியம் என்று எண்ணுவது

பச்சை அதிகமாகத் தெரிந்தால் காடு நன்றாக இருக்கிறது என்று கண் சொல்லும். வேருக்குத்தான் உண்மை தெரியும். ஓர் ஏக்கரில் இருக்கும் தண்ணீரை ஐம்பது மரம் பங்கு போடுவதும் ஐந்நூறு மரம் பங்கு போடுவதும் ஒன்றல்ல. தாகத்தில் இருக்கும் பைன் மரத்தால் போதிய பிசின் சுரக்க முடியாது. பட்டை துளைக்கும் வண்டை வெளியே தள்ள அதனிடம் உள்ள ஆயுதமே அந்தப் பிசின்தான். கலிபோர்னியாவில் 2010 முதல் 2017 வரை ஏறத்தாழ 12.9 கோடி மரங்கள் இறந்ததாக வான்வழிக் கணக்கெடுப்பு சொன்னது. வறட்சி, வண்டு, நெருக்கம் மூன்றும் கைகோத்து வந்த விளைவு.

எரிந்த காட்டில் அவசரமாகப் பட்ட மரங்களை அள்ளிவிட்டு, வரிசை வரிசையாக ஒரே வயது கன்றுகளை நெருக்கி நடுவதும் இதே நினைப்பில் வருவதுதான். தென்மேற்கு ஓரிகனில் 1987-இல் எரிந்த ஒரு பகுதியில் அப்படி அள்ளி நட்ட இடங்கள், 2002-இல் பிஸ்கட் தீ வந்தபோது, அப்படியே விட்ட இடங்களைவிடக் கடுமையாக எரிந்தன. நடுவதே தவறில்லை. கொத்துக் கொத்தாக, நடுவில் வெற்றிடம் விட்டு நடலாம்.

ஏக்கர் கணக்கு

இந்த ஆண்டு இத்தனை ஏக்கர் முடித்தோம் என்ற எண்ணை மேலிடம் கேட்கும்போது, சுலபமான ஏக்கர்தான் முதலில் முடியும். சமதளம், சாலையோரம், யாரும் எதிர்க்காத இடம். ஊருக்கு மேலே இருக்கும் செங்குத்துச் சரிவு கடைசிவரை கிடக்கும். ஒரே ஏக்கரில் வெட்டியதை ஒரு முறை, குவித்ததை ஒரு முறை, எரித்ததை ஒரு முறை என்று மூன்றாக எண்ணும் வழக்கமும் உண்டு. காகிதத்தில் காடு பெருகிவிடும்.

காட்டைச் சீராக்கிவிட்டு வீட்டை மறப்பது

தீச்சுவர் வந்து வீட்டை விழுங்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் வீட்டைப் பிடிப்பது ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் பறந்து வரும் கங்குதான். கூரை மடிப்பில் கிடக்கும் சருகு, வலை இல்லாத காற்றுத்துளை, சுவரை ஒட்டி அடுக்கிய விறகு, இதில் ஏதோ ஒன்று போதும். 2018-இல் 85 பேரைப் பலிகொண்ட, ‘கேம்ப்’ என்று பெயரிட்ட காட்டுத்தீக்குப் பிறகு கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் எடுத்த படங்களில், சாம்பலான வீடுகளுக்குப் பக்கத்திலேயே மரங்கள் பச்சையாக நின்றன. வனச்சேவையில் ஆராய்ச்சியாளராக இருந்த ஜாக் கோஹன் பல ஆண்டுகளாகச் சொன்னது இதைத்தான்: வீடு பிழைப்பதை முடிவு செய்வது வீடும், அதைச் சுற்றிய 30 மீட்டர் வரையிலான இடமும். அதிலும் சுவரை ஒட்டிய முதல் ஐந்து அடியில் எரியக்கூடியது எதுவும் வேண்டாம். மலைக்காட்டை இடைவெட்டு செய்யக் கோரி மனு கொடுப்பவர், ஏணி போட்டுக் கூரைச் சருகைத் தள்ளிவிட்டுக் கொடுத்தால் நல்லது.

பொறி எங்கிருந்து வருகிறது

1992 முதல் 2012 வரை அமெரிக்காவில் பதிவான காட்டுத்தீக்களில் 84 சதவீதம் மனிதரால் தொடங்கியவை. இதில் வேண்டுமென்றே வைத்ததும் உண்டு, ஆனால் பெரும்பாலும் அசட்டைதான். 2018-இல் கலிபோர்னியாவின் ரெட்டிங் நகருக்குள் புகுந்த, ‘கார்’ (Carr) என்று பெயரிட்ட காட்டுத்தீ, காற்றுப்போன டயரோடு போன இழுவண்டியின் சக்கர விளிம்பு சாலையில் உரசியதில் தொடங்கியது. இழுவண்டியின் சங்கிலி தரையில் உரசுவதும், காய்ந்த புல்லின் மேல் சூடான வண்டியை நிறுத்துவதும் அதே வகை.

முகாம் தீ மூட்டுபவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான், முதலில் சொன்ன சுள்ளிக் குவியலின் தவறு: மேலே சாம்பல் படிந்ததும் அணைந்துவிட்டது என்று கிளம்புவது. மண்ணைப் போட்டு மூடுவதும் கூடாது. அடியில் கங்கு உயிரோடு இருக்கும். தண்ணீரை ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள், சீறல் சத்தம் நிற்கும்வரை. அப்புறம் புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி.