கான்கிரீட் தரை ஃபினிஷிங்: லேசான கைக்கருவிகளை எப்படிப் பார்த்து வாங்குவது?

வீட்டு முன்வாசலில் 4 அங்குலக் கான்கிரீட்டை நீங்களே போட்டு ஃபினிஷிங் செய்யப் போகிறீர்கள் என்றால், முதலில் ஒன்று. எல்லாக் கருவியும் லேசாக இருக்கத் தேவையில்லை. கையை எட்டி நீட்டித் தேய்க்கிறவை லேசாக இருந்தால் போதும்.

முதலில் மட்டப்பலகை, போட்ட கான்கிரீட்டின் மேல் இழுத்து மட்டமாக்கும் நீளப் பலகை. உள்ளே வெற்றிடமான அலுமினியப் பலகை வாங்குங்கள். மரப்பலகை நனைந்து காய்ந்தால் வளையும். கடையிலேயே சோதிக்கலாம்: தரையில் பலகையை வைத்து ஓரமாகப் பென்சில் கோடு போடுங்கள். பலகையைப் புரட்டி, அதே ஓரத்தை அந்தக் கோட்டோடு சேருங்கள். நடுவிலோ முனைகளிலோ இடைவெளி தெரிந்தால் வேண்டாம்.

அடுத்தது மணியாசுக் கட்டை, மட்டமான பரப்பைத் தேய்த்துச் சமன் செய்யும் கைப்பிடி வைத்த தட்டைக் கட்டை. அதிக நேரம் கையில் இருப்பது இதுதான், அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். மரக்கட்டை மலிவு, ஆனால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். கிடைத்தால் மெக்னீசியம் கட்டை நல்லது: ஒரு கன செ.மீ. மெக்னீசியம் சுமார் 1.7 கிராம், அலுமினியம் 2.7, இரும்பு 7.8. கைப்பிடியைப் பிடித்துக் கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். கட்டையின் முன்முனை கீழே சாய்ந்தால், அரைமணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும்.

தரையின் ஓரத்தைக் கூர் இல்லாமல் மழுக்கும் சின்னக் கருவி எதுவானாலும் சரி. வெடிப்பைக் கட்டுப்படுத்தக் கோடு இழுக்கும் கருவி மட்டும் 1 அங்குல ஆழம் இறங்க வேண்டும், அதாவது தரை கனத்தில் கால் பங்கு.

கடைசியாக, வழவழப்பான தரை வேண்டுமென்றால், இரும்புக் கரணை. இதில் எடை குறைவைத் தேடாதீர்கள், அழுத்தித் தேய்க்க வேண்டிய கருவி இது. தகட்டின் அடியில் ரிவெட் தலை துருத்தாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துருத்தினால் தரை முழுக்கக் கோடு விழும்.

எந்தக் கருவியானாலும் நேரம் முக்கியம். மட்டப்பலகை இழுத்ததும் மேலே தண்ணீர் பளபளக்கும். அது தானாகப் போகும்வரை தொடாதீர்கள். காய்ந்த சிமெண்டைத் தூவி உறிஞ்ச வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், பின்னால் மேல்தோல் உரியும். ஏறி நின்றால் பாதம் கால் அங்குல ஆழம் மட்டும் பதிகிறதா? மணியாசுக் கட்டையை எடுங்கள். தொட்டால் சிமெண்ட் பால் விரலில் ஒட்டாத பதம் வந்தபின் கரணை.

வண்டி ஏறுகிற, மழை படுகிற இடமென்றால் கரணையே வேண்டாம்; வழுக்கும். மணியாசுக் கட்டையோடு நிறுத்திவிடுங்கள். எந்த இடமானாலும் அலுமினியக் கருவிகளை உடனே கழுவுங்கள். ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும்.